தோற்ற படங்களோடு ஒரு ஆஸ்கர் காலம்

ஆகஸ்ட் கடைசியில் வெனிஸ் திரைப்பட விழா ஆரம்பித்துவிட்டால் எனக்கு ஆஸ்கர் காலமும் ஆரம்பித்துவிடும். வெனிஸையொட்டி அமெரிக்காவில் டெல்யூரைட், அப்புறம் கனடாவில் டொராண்டோ. அந்த ஆண்டு பந்தயத்தில் நிற்கப்போகும் படங்கள் எவை என்று இந்த மூன்று விழாக்களிலேயே ஓரளவு தெரிந்துவிடும். டிசம்பரில் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர்கள் தங்கள் தேர்வுகளைச் சொல்வார்கள். அதன் பிறகு கோல்டன் குளோப். பின்னாலேயே இயக்குநர்கள், தயாரிப்பாளர்கள், நடிகர்கள், எழுத்தாளர்கள் என்று தொழிற்சங்கங்களின் விருதுகள் வரிசை கட்டி வரும். லண்டனில் பிரிட்டிஷ் திரைப்பட விருதான பாஃப்டா. கடைசியாக, மார்ச் வாக்கில், ஆஸ்கர்.

இந்த ஆறு மாதமும் எனக்கு மிகவும் பிடித்தமானவை. மற்ற நாட்களில் பேட்டி என்றாலே நடிகர்கள்தான். இந்தச் சில மாதங்களில் மட்டும் எடிட்டர்களுக்கும், ஒலி வடிவமைப்பாளர்களுக்கும், உடை அலங்காரம் செய்தவர்களுக்கும் மைக் கிடைக்கிறது. ஒரு காட்சியை ஏன் அந்த இடத்தில் வெட்டினேன் என்று ஒரு எடிட்டர் பத்து நிமிடம் விளக்குவதைக் கேட்பதைவிட ஒரு சினிமா ரசிகனுக்கு வேறு என்ன வேண்டும்?

ஒரு சிக்கல் உண்டு. படம் வருவதற்கு முன்பே பேச்சு வந்துவிடும். செப்டம்பரில் எல்லோரும் கொண்டாடும் படம் நம் கண்ணில் படுவதற்குள் பிப்ரவரி ஆகிவிடும். சில படங்கள் விழா முடிந்த பிறகுதான் கிடைக்கும். அதுவரை மற்றவர்களின் கருத்துகளையே படித்துக்கொண்டிருந்தால், கடைசியில் படம் பார்க்க உட்காரும்போது நம் சொந்தக் கண் எங்கோ போயிருக்கும். அந்தக் காத்திருப்பை நான் பழைய படங்களால் நிரப்ப ஆரம்பித்தேன். போகப் போக அதற்கு ஒரு முறையும் அமைந்துவிட்டது. ஒவ்வொரு ஆஸ்கர் காலத்துக்கும் பழைய ஆண்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். அந்த ஆண்டில் ஜெயித்த படம், அதோடு மோதித் தோற்ற படங்கள், பட்டியலுக்குள் நுழையவே முடியாத படங்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பேன்.

சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய எல்லாவற்றையும் 1929-லிருந்து வரிசையாகப் பார்த்து முடிப்பது பல ரசிகர்களின் கனவு. நல்ல கனவுதான், ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஜெயித்த படத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் அது எதனோடு போட்டி போட்டது, அந்தக் காலத்தில் எது துணிச்சல், எது வழக்கம் என்பதெல்லாம் பிடிபடாது. சில படங்கள் சலிப்பாகவும் இருக்கும். நண்பர் ஒருவர் இப்படிப் பாதி வழியில் நிறுத்திவிட்டு, "பழைய படம் நமக்கு ஒத்து வராதுப்பா" என்று முடிவே கட்டிவிட்டார். ஒரே ஆண்டின் ஐந்தாறு படங்களைச் சேர்த்துப் பார்த்தால் அந்த முடிவு வராது என்பது என் அனுபவம்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது 1957. அந்த ஆண்டுப் படங்களுக்கான விருதுகள் 1958 மார்ச்சில் நடந்த 30-வது விழாவில் கொடுக்கப்பட்டன. சிறந்த படத்துக்கான பரிந்துரையில் ஐந்து படங்கள்: டேவிட் லீனின் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’, சிட்னி லூமெட்டின் ‘12 ஆங்ரி மென்’, பில்லி வைல்டரின் ‘விட்னஸ் ஃபார் தி ப்ராசிக்யூஷன்’, மார்லன் பிராண்டோ நடித்த ‘சயோனரா’, அப்புறம் ‘பெய்டன் ப்ளேஸ்’. குவாய் ஏழு ஆஸ்கர்களை அள்ளிக்கொண்டது. சயோனராவுக்கு நான்கு. அதில் ஒன்று மியோஷி உமெகிக்கு. நடிப்புக்காக ஆஸ்கர் வாங்கிய முதல் ஆசிய நடிகை அவர். மற்ற மூன்று படங்களும் வெறுங்கையோடு திரும்பின.

இதைப் பார்க்கும் வரிசை முக்கியம். நான் ‘12 ஆங்ரி மென்’ படத்தில் தொடங்கச் சொல்வேன். 96 நிமிடம்தான். ஏறக்குறைய முழுப் படமும் ஒரே அறைக்குள், ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு ஜூரிகளிடையே நடக்கிறது. லூமெட்டுக்கு அது முதல் திரைப்படம். தொடக்கத்தில் கேமரா கண் மட்டத்துக்கு மேலே இருக்கும். நடுவில் கண் மட்டத்துக்கு இறங்கும். கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே போய்விடும். லென்ஸையும் படிப்படியாக மாற்றிக்கொண்டே போனார்கள், சுவர்கள் நெருங்கி வருவது போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக. முதல் தடவை பார்க்கும்போது இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, மூச்சு முட்டுவது மட்டும் தெரியும். இரண்டாம் தடவை கூரை எந்த இடத்தில் சட்டகத்துக்குள் (ஃப்ரேமுக்குள்) வருகிறது என்று மட்டும் கவனித்துப் பாருங்கள். ஒளிப்பதிவு என்றால் என்ன என்று பல கட்டுரைகள் சொல்லித் தராததை அந்தக் கூரை சொல்லித் தரும்.

இத்தனை நுட்பமான ஒளிப்பதிவுக்குப் பரிந்துரைகூட இல்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு அந்த ஆண்டின் ஒளிப்பதிவுப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 1939-லிருந்து 1966 வரை கருப்பு வெள்ளைக்கும் வண்ணத்துக்கும் ஒளிப்பதிவில் தனித்தனி விருதுகள் இருந்தன. நடுவில் 1957-ல் மட்டும் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். பரிந்துரையான ஐந்தும் வண்ணப் படங்கள். ஆக, போரிஸ் காஃப்மனின் அந்தக் கருப்பு வெள்ளை அறைக்கு அங்கே இடமே கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஜேம்ஸ் வாங் ஹோவ் படம்பிடித்த ‘ஸ்வீட் ஸ்மெல் ஆஃப் சக்ஸஸ்’, நியூயார்க் இரவை எண்ணெய் பூசிய மாதிரி மின்ன வைத்த படம், ஒரே ஒரு பரிந்துரைகூடப் பெறவில்லை. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் கேமராவை நடக்கவிட்ட ஸ்டான்லி குப்ரிக்கின் ‘பாத்ஸ் ஆஃப் க்ளோரி’யும் அப்படியே. இந்த இரண்டையும் நான் ஐந்து படங்கள் முடிந்த பிறகு பார்த்தேன். இன்று அந்த ஆண்டை நினைத்தால் முதலில் என் மனதில் வருபவை இந்த இரண்டும்தான்.

அதற்காகக் குவாய் தகுதியில்லாமல் ஜெயித்தது என்று சொல்லமாட்டேன். போர்க்கைதியாகப் பிடிபட்ட ஒரு பிரிட்டிஷ் அதிகாரி, எதிரிக்குப் பாலம் கட்டிக்கொடுப்பதைத் தன் கௌரவமாக எடுத்துக்கொள்ளும் கதை. அலெக் கின்னஸின் நடை ஒன்றே போதும். இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும் படத்தில் ஒரு இடத்தில்கூட நான் கடிகாரம் பார்க்கவில்லை. அதன் திரைக்கதைக்கான ஆஸ்கருக்குப் பின்னால் ஒரு வேதனையான கதை இருக்கிறது. எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும். கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களுக்கு வேலை தராமல் ஒதுக்க ஹாலிவுட் வைத்திருந்த கருப்புப் பட்டியலில் இருவர் பெயரும் இருந்ததால், படத்தில் மூல நாவலாசிரியர் பியர் பூல் பெயரைப் போட்டார்கள். விருதும் அவர் பெயருக்கே போனது. 1984-ல்தான் ஆஸ்கரை வழங்கும் அமைப்பான அகாடமி அந்த இருவரையும் விருதுக்குரியவர்களாக ஏற்றுக்கொண்டது. விருதுப் பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்தால், அந்தப் பெயர் எப்படி அங்கே வந்தது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இந்தப் படத்தில்தான் தொடங்கியது.

வெளிநாட்டுப் படப் பிரிவையும் விட்டுவிடாதீர்கள். அதே 30-வது விழாவில்தான் மெஹபூப் கானின் ‘மதர் இந்தியா’ பரிந்துரை பெற்றது. ஜெயித்தது ஃபெல்லினியின் ‘நைட்ஸ் ஆஃப் கபீரியா’. இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பார்த்தால் ஒரு விசித்திரமான மகிழ்ச்சி கிடைக்கும். தாங்க முடியாத அடி வாங்கியும் நிமிர்ந்து நிற்கும் இரண்டு பெண்கள். நர்கிஸ் மண்ணோடு மல்லுக்கட்டுகிறார். ஜூலியெட்டா மசீனா ரோமின் தெருக்களில் அழுதுகொண்டே சிரிக்கிறார். யாருக்கு உங்கள் ஓட்டு என்று கேட்டால் எனக்கு இன்றுவரை பதில் மாறிக்கொண்டே இருக்கிறது.

ஆண்டைத் தேடும்போது ஒரு குழப்பம் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழா நடந்த ஆண்டும் படங்களின் ஆண்டும் வேறு வேறு. நெடுங்காலம் அகாடமி கணக்கில் எடுத்தது பொதுவாக லாஸ் ஏஞ்சலஸில் படம் எப்போது திரையிடப்பட்டது என்பதை. ‘காசாபிளாங்கா’ 1942 நவம்பரில் நியூயார்க்கில் வெளியானாலும் அது வென்றது 1943-க்கான விருதை. சாப்ளினின் ‘லைம்லைட்’ இன்னும் அதிசயம். 1952-ல் எடுத்த படம், லாஸ் ஏஞ்சலஸில் முறையாகத் திரையிடப்பட்டது 1972-ல். அதனால் இருபது ஆண்டு கழித்து, 1973 விழாவில், இசைக்காக ஆஸ்கர் பெற்றது. இதற்கெல்லாம் அகாடமியின் இணையதளத்தில் இருக்கும் விருதுத் தரவுத்தளம்தான் நம்பகமானது. ஆண்டு, பிரிவு, பெயர் என்று எப்படி வேண்டுமானாலும் தேடலாம். ஏற்புரைகளுக்குத் தனியாக ஒரு தரவுத்தளம் உண்டு. நான் படம் பார்த்த அன்றே அதன் ஏற்புரையைத் தேடிப் படித்துவிடுவேன்.

பழைய படம் பார்க்கும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதில்தான் பலர் தேவையில்லாமல் ரசனையை இழக்கிறார்கள். 1950-களின் தொடக்கம் வரை ஹாலிவுட் படங்களின் சட்டகம் ஏறக்குறையச் சதுரத்துக்கு நெருக்கமானது, 1.37-க்கு 1 என்ற அளவு. அதற்கு அகாடமி அளவு என்றே பெயர். இன்றைய அகலத் தொலைக்காட்சியில் இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வருவதுதான் சரி. திரை நிறைய வேண்டும் என்று படத்தை இழுத்துவிட்டால் முகங்கள் உப்பிப்போகும். பெரிதாக்கினால் தலையும் காலும் வெட்டுப்படும். தொலைக்காட்சியின் மோஷன் ஸ்மூத்திங் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 சட்டகம் ஓட வேண்டிய படத்தில் அது இல்லாத சட்டகங்களைத் தானாகச் செருகி, ஃபிலிமின் அசைவையே கெடுத்துவிடும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்த பிறகு, பழைய படம் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்த என் அக்கா, "இப்பதான் படம் மாதிரி இருக்கு" என்றார்.

ஒரே படத்துக்குப் பல பிரதிகள் கிடைத்தால் மீட்டெடுக்கப்பட்ட பதிப்பைத் தேடுங்கள். ஓடும் நேரத்தையும் சரிபாருங்கள். சில நிமிடங்கள் வெட்டப்பட்ட பிரதிகள் நிறைய உலவுகின்றன. மௌனப் படங்களுக்கு இது இன்னும் முக்கியம். தவறான வேகத்தில் ஓட்டப்பட்ட பிரதியில் எல்லோரும் குடுகுடுவென்று ஓடுவார்கள், அதைப் பார்த்துவிட்டு அந்தக் காலத்து நடிப்பே அப்படித்தான் என்று நினைத்துவிடுவோம். முறையான வேகத்தில், நல்ல இசையோடு பார்த்தால் எஃப்.டபிள்யூ. முர்னாவின் ‘சன்ரைஸ்’ நேற்று எடுத்தது போல இருக்கும். ஆனாலும் முதல் ஆண்டிலேயே மௌனப் படத்துக்குப் போக வேண்டாம் என்பது என் ஆலோசனை. ஐம்பதுகளில் தொடங்கி, முப்பதுகளுக்குப் போய், அதன் பிறகு இருபதுகளுக்கு வாருங்கள்.

இன்னொன்று, தணிக்கை. 1934-லிருந்து 1968 வரை ஹாலிவுட் தனக்குத் தானே போட்டுக்கொண்ட ஹேஸ் விதிகள் கறாராக நடைமுறையில் இருந்தன, கடைசி வருடங்களில் தளர்ந்தாலும். குற்றம் செய்தவர் தப்பக்கூடாது, படுக்கையறையில் இன்னின்னது காட்டக்கூடாது என்றெல்லாம் பட்டியல். ஒரு படத்தின் முடிவு திடீரென்று ஒழுக்கமாக மாறினால் பல சமயம் காரணம் இதுதான். இது தெரிந்த பிறகு நான் கதவுகள், சிகரெட்டுகள், மழை, காட்சி மங்கி மறையும் இடங்கள் எல்லாவற்றையும் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தேன். சொல்லக்கூடாத எத்தனையோ விஷயங்களை அங்கே ஒளித்துவைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

1957 பிடித்துப்போனவர்களுக்கு அடுத்து நான் கொடுக்கும் ஆண்டு 1950. ஒரே ஆண்டில் வயதாகும் நடிகையைப் பற்றி இரண்டு மகத்தான படங்கள்: மேடை நாடக உலகில் நடக்கும் ‘ஆல் அபவுட் ஈவ்’, ஹாலிவுட்டிலேயே நடக்கும் ‘சன்செட் பூல்வார்ட்’. முதலாவதற்கு 14 பரிந்துரைகள். சிறந்த நடிகைக்கான பட்டியலில் அந்தப் படத்திலிருந்தே பெட்டி டேவிஸ், ஆன் பாக்ஸ்டர் என்று இரண்டு பேர். அவர்களோடு ‘சன்செட் பூல்வார்ட்’ குளோரியா ஸ்வான்சன். ஜெயித்தவர் யார்? ‘பார்ன் யெஸ்டர்டே’ நகைச்சுவைப் படத்தில் நடித்த ஜூடி ஹாலிடே. ஒரே படத்தின் இரண்டு நடிகைகள் ஓட்டைப் பிரித்துக்கொண்டார்கள் என்று ரசிகர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். முடிவைப் படித்துவிட்டுப் பொங்குவதற்கு முன்னால் ‘பார்ன் யெஸ்டர்டே’யைப் பார்த்துவிடுங்கள். சீட்டாட்டக் காட்சி ஒன்றில் ஹாலிடே கைவிரல்களாலேயே நகைச்சுவை செய்வதைப் பார்த்தபின் எனக்கு அந்தக் கோபம் பாதியாகக் குறைந்தது. ஸ்வான்சனுக்காக மிச்சப் பாதி இருக்கத்தான் செய்கிறது. அந்த ஆண்டு கருப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்கான விருது ‘தி தேர்ட் மேன்’ படத்துக்குப் போனது. சாய்ந்த சட்டகங்களும் வியன்னாவின் ஈரமான கல் தெருக்களும். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

பழைய பட்டியலோடு விளையாட எங்கள் நண்பர் குழு ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. ஐந்து படங்களையும் பார்த்து முடித்தவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. (அகாடமியும் 98-வது விருதுகளிலிருந்து இதே விதியைக் கொண்டுவந்துவிட்டது: ஒரு பிரிவில் இறுதி ஓட்டுப் போட வேண்டுமென்றால் அதில் உள்ள எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும்.) யாருக்கும் ஒரே ஒரு படத்தை டிக் செய்ய அனுமதியில்லை, ஒன்று முதல் ஐந்து வரை வரிசைப்படுத்த வேண்டும். அகாடமி சிறந்த படத்துக்கு மட்டும் இந்த முறையைத்தான் பயன்படுத்துகிறது, 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து. முதலிடங்களை எண்ணுவார்கள். எந்தப் படத்துக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், மிகக் குறைவாக வாங்கிய படத்தை நீக்கிவிட்டு, அதை முதலில் எழுதியவர்களின் இரண்டாம் விருப்பத்துக்கு அந்த ஓட்டுகளை மாற்றுவார்கள். பாதியைத் தாண்டும்வரை இது தொடரும்.

காகிதத்தில் படித்தபோது எனக்கு இது வெறும் கணக்காகத் தெரிந்தது. 1957-ஐ வைத்து எங்கள் ஓட்டுகளை எண்ணியபோதுதான் அதன் சக்தி தெரிந்தது. முதல் சுற்றில் குவாய் முன்னால் நின்றது. ‘விட்னஸ் ஃபார் தி ப்ராசிக்யூஷன்’ நீக்கப்பட்டதும், அந்த நீதிமன்றப் படத்தை விரும்பியவர்கள் பெரும்பாலும் இரண்டாவதாக எழுதியிருந்தது இன்னொரு வழக்குப் படமான ‘12 ஆங்ரி மென்’. அது முந்திக்கொண்டது. சிலருக்கு உயிரான படத்தைவிட, பலருக்கு நன்றாகவே பிடித்த படத்துக்கு இந்த முறை கை கொடுக்கும். ஒரு எல்லை உண்டு: முதலிட ஓட்டே அதிகம் இல்லாத படம் ஆரம்பத்திலேயே வெளியேறிவிடும், பிறகு எத்தனை பேருக்கு இரண்டாம் விருப்பமாக இருந்தும் பயனில்லை.

இதைக் கையால் ஒருமுறை எண்ணிப் பார்த்தால், நடப்பு ஆண்டின் பந்தயத்தையும் நிதானமாகப் பார்க்க வந்துவிடும். 2021-ஆம் ஆண்டுப் படங்களில் ஜேன் கேம்பியனின் ‘தி பவர் ஆஃப் தி டாக்’ 12 பரிந்துரைகள் பெற்றது. ‘கோடா’ வெறும் மூன்று. இயக்குநர் விருது கேம்பியனுக்கே போனது, ஆனால் சிறந்த படம் ‘கோடா’. பரிந்துரை பெற்ற மூன்றிலுமே அது ஜெயித்தது. பரிந்துரை எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கணித்தவர்கள் திகைத்தார்கள். அதே வரிசைமுறை ஓட்டைப் பயன்படுத்தும் தயாரிப்பாளர் சங்கம் ஏற்கெனவே ‘கோடா’வுக்கு விருது கொடுத்திருந்தது. அதனால் கணிப்பில் ஆர்வம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்று பாருங்கள். கோல்டன் குளோபிலும் விமர்சகர் விருதுகளிலும் ஓட்டுப் போடுபவர்கள் எழுத்தாளர்கள், பத்திரிகையாளர்கள். பேச்சை வடிவமைப்பதில் அவர்களுக்குப் பங்கு உண்டு, அகாடமியில் ஓட்டு இல்லை. தொழிற்சங்கங்களில் இருப்பவர்கள் பலர் அகாடமி உறுப்பினர்களும்கூட. இயக்குநர் சங்கத்தின் தேர்வும் ஆஸ்கர் இயக்குநர் விருதும் 1948-லிருந்து மிகச் சில தடவைகளே மாறியிருக்கின்றன. மாறியவையும் சுவாரஸ்யமானவை: ஸ்பீல்பெர்க் ‘தி கலர் பர்ப்பிள்’ படத்துக்காகவும், பென் அஃப்லெக் ‘ஆர்கோ’வுக்காகவும் சங்க விருது வாங்கியபோது, ஆஸ்கர் இயக்குநர் பட்டியலில் அவர்கள் பெயரே இல்லை.

கணிப்பு என்பது ஆஸ்கர் காலத்தின் சுவையைக் கூட்டும், அவ்வளவுதான். விருப்பமான படம் தோற்றால் எனக்கு இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் நான் ஹிட்ச்காக்கை நினைத்துக்கொள்கிறேன். இயக்குநருக்காக ஐந்து தடவை பரிந்துரை, ஒரு தடவைகூட வெற்றியில்லை. ‘வெர்டிகோ’வுக்குக் கிடைத்தவை கலை இயக்கத்துக்கும் ஒலிக்கும் என்று இரண்டே பரிந்துரைகள். அதே படம்தான் 2012-ல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் உலக விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் எல்லாக் காலத்திலும் சிறந்த படமாக முதலிடத்துக்கு வந்தது. ‘சிங்கிங் இன் தி ரெய்ன்’ சிறந்த படத்துக்கான பட்டியலிலேயே இல்லை. ஜான் ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’ எந்தப் பரிந்துரையும் பெறவில்லை. இந்தப் படங்களையெல்லாம் நாம் இன்று தேடிப் பார்க்க முடிகிறது, அதுதான் பெரிய விஷயம்.

பார்க்க முடியாமல் போனவையும் இருக்கின்றன. 1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்த முதல் விழாவில் சிறந்த நடிகர் விருது எமில் ஜானிங்ஸுக்கு. இரண்டு படங்களுக்காகக் கொடுத்தார்கள். அதில் ஒன்றான ‘தி வே ஆஃப் ஆல் ஃப்ளெஷ்’ சில துண்டுகளைத் தவிர அழிந்துபோய்விட்டது. அடுத்த விழாவில் சிறந்த படத்துக்கான பட்டியலில் இருந்த எர்ன்ஸ்ட் லூபிச்சின் ‘தி பேட்ரியட்’ முழுப் பிரதியாக எங்கும் இல்லை. ஆஸ்கர் பட்டியலில் இருந்த படத்துக்கே இந்தக் கதி என்றால், பட்டியலுக்கு வெளியே இருந்தவற்றை நினைத்தால் மனசு கனக்கிறது. பழைய படம் ஒன்று மீட்டெடுக்கப்பட்டு வெளியாகும்போது அதை முறையான வழியில் காசு கொடுத்துப் பார்ப்பதை நான் ஒரு கடமையாகவே வைத்திருக்கிறேன். பார்ப்பவர்கள் இருந்தால்தான் அடுத்த படத்தை மீட்டெடுக்க யாராவது முன்வருவார்கள்.

விழாவையே பார்ப்பதில் எனக்குப் பிடித்த பகுதி ஏற்புரைகள். 2009-ல் இரண்டு ஆஸ்கர்கள் வென்ற ஏ.ஆர். ரஹ்மான் மேடையில் நின்று "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்ன நொடியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும். 1992-ல் கல்கத்தா மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி சத்யஜித் ராய் கௌரவ ஆஸ்கரைக் கையில் பிடித்துக்கொண்டு பேசிய பதிவையும் தேடிப் பாருங்கள். சிறுவயதில் தான் பார்த்து வளர்ந்த ஹாலிவுட் நட்சத்திரங்களைப் பற்றி, அவர்களுக்கு ரசிகனாக எழுதிய கடிதங்களைப் பற்றிச் சொல்லுவார். ‘பதேர் பாஞ்சாலி’யை எடுத்த மனிதர், அந்த நேரத்தில் ஒரு ரசிகராகப் பேசினார். சில வாரங்களில், ஏப்ரல் 23 அன்று, காலமாகிவிட்டார்.

வரும் ஆஸ்கர் காலத்துக்கு நான் எடுத்து வைத்திருக்கும் ஆண்டு 1939. சிறந்த படத்துக்குப் பத்துப் பரிந்துரைகள் இருந்த ஆண்டு: ‘கான் வித் தி விண்ட்’, ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’, ‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’, ‘நினோட்ச்கா’, ‘வுதரிங் ஹைட்ஸ்’ என்று போகிறது. ஹாட்டி மெக்டேனியல் ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞராக ஆனதும், அதே விழா அரங்கில் மற்ற நடிகர்களிடமிருந்து விலக்கித் தனி மேசையில் உட்கார வைக்கப்பட்டதும் அந்த ஆண்டுப் படங்களுக்கான விழாவில்தான். அதனால் ‘கான் வித் தி விண்ட்’டைக் கடைசியில், அவர் வரும் காட்சிகளுக்காகவே நேரம் ஒதுக்கிப் பார்க்கப்போகிறேன், அதன் நீளத்துக்கு எப்படியும் ஒரு நாள் வேண்டும். தொடக்கம் ‘ஸ்டேஜ்கோச்’. குடிகார மருத்துவராக நடித்து துணை நடிகர் விருது வாங்கிய தாமஸ் மிட்செல், அதே ஆண்டு ‘கான் வித் தி விண்ட்’டிலும் ‘மிஸ்டர் ஸ்மித்’திலும் இருக்கிறார். பட்டியலுக்கு வெளியே ‘ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹாவ் விங்ஸ்’, ‘தி ஹன்ச்பேக் ஆஃப் நோத்ர தாம்’ இரண்டிலும் அவர் உண்டு. ஒரே ஆண்டில் ஐந்து படங்கள். இந்த முறை அவர் பின்னாலேயே போவதாக முடிவு செய்திருக்கிறேன்.